மாமா வயலை விற்றிருந்தார்

போன கிழமை என் மனைவியிடம் ஆங்கிலம் படித்தேன். சிரிக்காதீர்கள். கந்தோரில் பதவி உயர்வுக்கு ஆங்கிலச் சோதனை வைக்கப்போகிறார்கள். மனைவியோ ஆங்கில டீச்சர். வீட்டுக்குள்ளேயே டியூஷன் இருக்கும்போது வெளியே அலைய எனக்கென்ன பைத்தியமா?

அடுத்த நாள் இன்னொரு வேலையும் இருந்தது. தம்பிக்குப் பெண் பேசச் சம்மாந்துறைக்குப் போக வேண்டும். சீதனமாகக் கேட்கப்போவது கல்வீடும் இரண்டு ஏக்கர் வயலும். பெண்ணின் தகப்பனிடம் இருப்பதே அந்த இரண்டு ஏக்கர்தான். அதனாலென்ன... ஊர் வழமைதானே?

சரி, பாடத்துக்கு வருவோம். நடந்து முடிந்த இரண்டு விஷயங்களை மனைவி எழுதித் தருவாள். பிஃபோர், ஆஃப்டர், அன்ட்டில் – இதில் ஒன்றைப் போட்டு நான் ஒரே வசனமாக்க வேண்டும். எது முந்தியது, எது பிந்தியது என்பது தெளிவாகத் தெரிய வேண்டும்.

முதலாவது: சோறு ஆறியது. நீங்கள் வந்தீர்கள்.

இரண்டாவது: பிள்ளை தூங்கியது. நீங்கள் வந்தீர்கள்.

டீச்சர் எங்கே வருகிறார் என்று அப்போதே விளங்கியிருக்க வேண்டும். எனக்கு மார்க்கில்தான் கண்.

மூன்றாவது: வாப்பா வயலை விற்றார். நீங்கள் கல்யாணத்துக்கு ஓம் என்றீர்கள்.

அன்ட்டில் போட்டேன். அட்சரம் பிசகாத ஆங்கிலம்! வீடு முழுக்கக் கேட்கும்படி வாசித்தேன்.

எங்கள் பக்கத்தில் கல்யாணம் முடித்தவன் பெண் வீட்டோடுதான் இருப்பான். ஆகவே மனைவியின் வாப்பாவான மாமாவும் விறாந்தையில்தான் இருந்தார், கையில் பேப்பரோடு.

"நல்லா வாசிக்கிறீங்க மருமகன். அதுக்கு என்ன கருத்து?" என்றார்.

மனைவியைப் பார்த்தேன். அவள் சிவப்புப் பேனையைத் திறந்துகொண்டிருந்தாள். பொய் சொல்லலாம்தான்... பக்கத்தில் டீச்சர் இருக்கிறாளே.

"நீங்க வயல வித்து முடிக்கும்வரைக்கும் நான் கல்யாணத்துக்கு ஓமெண்டு சொல்லல்ல, மாமா."

ஆங்கிலத்தில் எவ்வளவு அழகாக இருந்தது! தமிழில் சொன்னதும் வெட்கமாகப் போய்விட்டது.

மாமா கோபிக்கவில்லை. "ஓம், அப்பிடித்தான் நடந்த. சரியாத்தான் எழுதியிரிக்கீங்க" என்றுவிட்டுப் பேப்பரை விரித்து முகத்தை மறைத்துக்கொண்டார். ஒரு வார்த்தை ஏசியிருந்தால் நிம்மதியாக இருந்திருக்கும்.

மறுநாள் சம்மாந்துறையில் தேத்தண்ணி வந்தது. பெண்ணின் தகப்பன் தயங்கித் தயங்கி என்னிடம், "உங்கட விருப்பத்தச் சொல்லுங்க, தம்பி" என்றார். எனக்கு மாமாவின் ஞாபகமாகவே இருந்தது.

"வயல் உங்களிட்டயே இரிக்கட்டும், காக்கா" என்றேன், அண்ணன் முறையில்.

மனிசன் என் கையைப் பிடித்தவர் நெடுநேரம் விடவே இல்லை.

பெருமை தாங்கவில்லை எனக்கு. வந்ததும் வராததுமாக மனைவியிடம் சொன்னேன். அவளுக்கும் சந்தோஷம். பிறகு கேட்டாள்:

"அப்ப வீடு?"

"வீடு குடுக்கிற வழமைதானே, புள்ள."

"வயலும் வழமைதான்... நேத்துவரைக்கும்."