பின்சக்கரத்து மணல்

என் மருமகனுக்குப் பழைய கார் என்றால் உயிர். போன ஞாயிற்றுக்கிழமை கோயமுத்தூரில் அவர் வீட்டு வாசலில், எங்கிருந்தோ வாங்கி வந்த கிழட்டுக் காரின் பின்சக்கரத்தைக் கழற்றிப் போட்டுவிட்டு, உள்ளே எண்ணெய் ஒழுகுகிறது என்று தலையைச் சொறிந்துகொண்டிருந்தார். "பிரேக் டிரம்மையும் கழட்டுங்க மாப்பிள்ளை, உள்ள மணல் கெடக்குதான்னு பாருங்க" என்றேன். தார் ரோட்டில் ஓடுகிற வண்டிக்குள் மணல் எப்படி வரும் என்று சிரித்தார். நான் இரண்டாம் வகுப்போடு நின்றவள்தான். ஆனால் ஒரு முழுப் பகல் பின்சக்கரத்துக்குக் காவல் இருந்தவள்.

அப்போது எனக்குப் பல் விழுந்து முளைக்கிற வயது. எங்கள் தோட்டம் காங்கேயத்துக்குப் பக்கத்தில். அந்த வட்டாரத்தில் ப்ளஷர் கார் வைத்திருந்தது எங்கள் வீடு ஒன்றுதான். இப்போது சொன்னாலும் கழுத்து கொஞ்சம் நிமிர்கிறது. கார் அப்பாருடையது, அதாவது அப்பாவைப் பெற்றவருடையது. காரும் தோட்டமும் அவர் சொல்லுக்குத்தான் ஓடின. அவருக்கு ஒரு மகளும் இருந்தாள். எங்கள் தோட்டத்தில் வேலை செய்த குடும்பத்துப் பையனைக் கல்யாணம் செய்துகொண்டு போய்விட்டாள். அவள் பேச்சை எடுப்பவர்களும் அவள் பின்னாலேயே போய்விடலாம் என்று அப்பாரு சொல்லிவிட்டார். ஆகவே யாரும் எடுப்பதில்லை.

காரை ஓட்டுவது அப்பா. வெள்ளிக்கிழமை தோறும் கொப்பரை விஷயமாகக் காங்கேயத்து எண்ணெய் மில்லுக்குப் போவார். மில் கூப்பிடு தூரம். ஆனால் பொழுது சாயத்தான் திரும்புவார். மில்லில் கூட்டம் என்பார்.

ஒரு வெள்ளிக்கிழமை வண்டி திரும்பி வந்து, நிற்காமல் போய் வைக்கோல் போரில் முட்டிக்கொண்டது. பின்சக்கரத்தின் உள்பக்கமெல்லாம் எண்ணெய். பிரேக் இல்லாத வண்டியை ஓட்டிப் போக முடியாதென்று, கோயமுத்தூரிலிருந்து மெக்கானிக் பஸ்ஸில் வந்து இறங்கினார். ஒல்லியான ஆள், வெற்றிலை வாய், தோளில் கனத்த பை.

அம்மா என்னைக் கிணற்றடிக்குக் கூட்டிப்போனாள். "கண்ணு, அந்தாளு கையவே பாத்துட்டு உக்காந்துக்கோ. நல்ல சாமானக் கழட்டிப் பைக்குள்ள போட்டுட்டு, ஓட்டச் சாமான மாட்டிப்போட்டுப் போயிருவாங்க. என்ன கழட்டறாங்க, உள்ள என்ன இருந்துச்சு, உங்கப்பன்கிட்ட என்ன பேசறாங்க, எல்லாத்தையும் எங்கிட்ட வந்து சொல்லோணும்."

சக்கரத்துக்கு எதிரே சம்மணமிட்டு உட்கார்ந்துகொண்டேன். "ஏனுங்க அம்மணி, பள்ளிக்கொடம் போகலீங்களா?" என்றார் மெக்கானிக்.

"நான் போயிட்டா நீங்க என்னத்த எடுத்துட்டுப் போவீங்களோ, யாருக்குத் தெரியுமுங்க?"

எங்கள் பக்கத்தில் ஒருவரைத் திருடன் என்று சொல்வதாக இருந்தாலும் மரியாதை குறையக் கூடாது. அவர் சிரித்துக்கொண்டே பையைக் கவிழ்த்துக் காட்டினார். அப்படிக் காட்டியது என் சந்தேகத்தை இன்னும் வளர்த்தது.

டிரம்மைத் தட்டித் தட்டிக் கழற்றினார். உள்ளே பிரேக் கட்டைகள் எண்ணெயில் ஊறிக் கன்னங்கரேலென்று இருந்தன. "பாத்துக்குங்க அம்மணி. ஹப்புல ஆயில் சீல் தேஞ்சுபோச்சு. இந்தச் சின்ன சிலிண்டருக்குள்ள ரப்பரும் போச்சு. ரெண்டும் ஒழுகிக் கட்டை ஊறிப்போனா, பிரேக் எப்படிப் புடிக்கும்?"

பிறகு டிரம்மின் அடியிலிருந்து விரலால் எதையோ வழித்தெடுத்துத் தேய்த்துப் பார்த்தார். அப்பாவைக் கூப்பிட்டார். "ஏனுங்க, வண்டியத் தண்ணிக்குள்ள எறக்குனீங்களா? ஆத்து மணலுங்க இது. இதுதான் அந்த ஆயில் சீலை அறுத்துப்போட்டுது."

அப்பா மணலைப் பார்க்கவில்லை, என்னைப் பார்த்தார். "கழுவி உட்டுருங்க" என்றார். நான் ஒரு சிட்டிகை எடுத்துப் பாவாடை நுனியில் முடிந்துகொண்டேன்.

புது ரப்பரும் சீலும் மாட்டியபின், பிரேக் குழாயிலிருந்து காற்று எடுக்க வேண்டும் என்று மெக்கானிக் என்னை டிரைவர் சீட்டில் ஏற்றிவிட்டார். "மிதிங்க அம்மணி... அமுக்கிப் புடிங்க... உடுங்க!" மிதிப்பதற்குச் சீட்டின் நுனிக்குச் சரிந்தால் ஜன்னல் வழியே அவர் கை தெரியவில்லை. நான் பார்க்கக் கூடாதென்றுதான் ஏற்றிவிட்டார் என்று எனக்கு உறுதியாகிவிட்டது.

சாயங்காலம் அம்மாவிடம் ஒன்று விடாமல் ஒப்பித்தேன். சாமான்களைப் பற்றி அவள் காதிலேயே வாங்கவில்லை. முடிச்சை அவிழ்த்து மணலைக் காட்டியதும் உள்ளங்கையில் வாங்கி வெகு நேரம் பார்த்தாள். மில்லுக்குப் போகிற வழியில் மாடு நனைய ஒரு குட்டைகூடக் கிடையாது. "அப்பாருகிட்ட மூச்சு உட்டறாத" என்றாள்.

அடுத்த வெள்ளிக்கிழமை அப்பா வெளியே வருவதற்கு முன்பே அம்மா காரில் ஏறி உட்கார்ந்திருந்தாள்.

"நானும் மில்லுக்கு வாரேனுங்க."

"அங்க உனக்கென்ன வேலை?"

"எந்த மில்லுன்னு பாக்கோணுமல்லங்க."

பொழுது சாயத் திரும்பினார்கள். அம்மாவின் கண் வீங்கியிருந்தது. சண்டை நடக்கப்போகிறது என்று காத்திருந்தேன். அவளோ அப்பாவின் சோற்றில் இன்னொரு கரண்டி நெய் விட்டாள். அதற்கடுத்த வெள்ளிக்கிழமை ஒரு தூக்குப்போசி நிறையத் தேங்காய் எண்ணெயும், நான் கிடந்த தொட்டில் சேலையும் காரில் ஏறின. மில்லில் இருப்பவர்களுக்காம். எண்ணெய் மில்லுக்கு எண்ணெயா?

அன்று வண்டி திரும்பியபோது அப்பாரு வாசலிலேயே நின்றிருந்தார். சக்கரத்தில் ஒட்டியிருந்த மணலைத் தடியால் குத்திப் பார்த்தார். "ஆத்து மணல் ஏது?" என்றார்.

"நாந்தானுங்க மாமா கொண்டாரச் சொன்னேன்" என்றாள் அம்மா. "கடலை வறுக்கறதுக்குங்க."

சொன்னதற்காக உடனே அடுப்பைப் பற்றவைக்க வேண்டியதாயிற்று. வாய்க்கால் மணலைச் சலித்துப் போட்டு வறுத்தாள். "ஆத்து மணலு ஆத்து மணலுதான்" என்று அப்பாரு கேட்டு வாங்கித் தின்றார். நான் ஒன்றுகூடத் தொடவில்லை. மெக்கானிக்கோடு அம்மாவும் அப்பாவும் சேர்ந்துகொண்டு அப்பாருவின் காரைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கழற்றி எங்கேயோ கொண்டுபோகிறார்கள் என்று முடிவு செய்துவிட்டேன்.

சத்தியமங்கலத்துக்கு அப்பால், பவானியின் அக்கரையில், தண்ணீர் குறைந்த இடமாகப் பார்த்து அந்தக் கார் இறங்கி ஏறி, கைக்குழந்தையோடு இருந்த என் அத்தை வீட்டுக்குப் போய்வந்தது என்பது எனக்குத் தெரிய என் கல்யாணம் வரை ஆயிற்று.

ஆனால் அத்தையை அதற்கு முன்பே ஒருமுறை பார்த்திருக்கிறேன். அப்பாரு இறந்த அன்று கூட்டத்தோடு ஒரு பெண் வந்தாள். இடுப்பில் குழந்தை. அழுது முடித்தவள் பெண்களோடு உட்காரவில்லை. கார் கொட்டகைக்குப் போய், பின்சக்கரத்தின் மேல் கையை வைத்துக்கொண்டு நின்றாள். இவள் எதைக் கழற்ற வந்திருக்கிறாளோ என்று நானும் ஓடிப்போய்ப் பக்கத்தில் நின்றுகொண்டேன். அவள் போகிற வரைக்கும் அந்தக் கையிலிருந்து கண்ணை எடுக்கவில்லை.