அறுபத்திரண்டாவது பிரார்த்தனை

முராசே தோமிகோவுக்காக அதுவரை அறுபத்தோரு நிறுவனங்கள் பிரார்த்தனை செய்திருந்தன. வேலை இல்லை என்று முகத்தில் அடித்தாற்போல் யாரும் எழுதுவதில்லை. “தங்கள் எதிர்காலம் சிறக்கப் பிரார்த்திக்கிறோம்” என்று முடித்து, அனுப்பிய விண்ணப்பத்தையும் பத்திரமாகத் திருப்பி அனுப்பிவிடுவார்கள்.

“இத்தனை பேர் வேண்டியும் சாமிக்குக் காது கேக்கலியே” என்றார் கணவர் யோஷினாரி.

“கேக்குது. என் வயசைக் கேட்டதும் போனை வச்சிடுது.”

வயது ஐம்பத்துநான்கு. ஹிகாஷி ஒசாகாவில் ஒரு திருகாணி ஆலையில் சரக்கு அனுப்பும் பிரிவில் இருபத்தாறு வருடம். அதில் கடைசி ஒன்பது வருடம் பிரிவுத் தலைவி. ஆலையை இழுத்து மூடிப் பதினான்கு மாதம் ஆகிறது. அன்றிலிருந்து சாப்பாட்டு மேசையில் உட்கார்ந்து விண்ணப்பம் எழுதுகிறாள். கையால்தான் எழுத வேண்டும். கடைசி வரியில் ஒரு கோடு பிசகினாலும் தாளைக் கிழித்துப்போட்டு முதலிலிருந்து தொடங்க வேண்டும். வெள்ளை மை பூசித் திருத்தினால் மரியாதை தெரியாதவள் என்பார்கள்.

வேலைவாய்ப்பு அலுவலகத்தில் ஷினோசுகா என்பவர் நல்லெண்ணத்தோடுதான் சொன்னார்: “முராசே சான், தலைவியா இருந்ததை மட்டும் எடுத்துடுங்களேன். பேக்கிங் வேலைக்கு அதைப் பாத்தா பயப்படறாங்க.”

“எடுத்துட்டா அந்த ஒன்பது வருஷம் எங்க இருந்தேன்னு எழுதறது? ஜெயில்லன்னா?”

அவர் அடுத்த வேலை விவரத் தாளை அவள் பக்கம் நகர்த்தினார்.

அறுபத்திரண்டாவது கடிதம் ஒரு வால்வு கம்பெனியிலிருந்து வந்தது. பிரார்த்தனை அவள் பெயருக்குத்தான். உள்ளே திரும்பி வந்திருந்த விண்ணப்பமோ ஒகுடா என்ற ஐம்பத்தேழு வயதுக்காரருடையது. படத்தில் டை கொஞ்சம் கோணல். கையெழுத்து அத்தனை சுத்தம்.

தோமிகோவுக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. இருபத்தாறு வருடத்தில் ஒரு பெட்டியைக்கூட விலாசம் மாற்றி அனுப்பியவள் இல்லை அவள்.

“தபால்ல போட்டுடேன்” என்றார் கணவர்.

“ஒரு மனுஷனோட முகம், வயசு, வீட்டு விலாசம் எல்லாம் இதுல இருக்கு. அந்தக் கம்பெனிக்கே போய் நேர்லதான் குடுப்பேன். என்னுதையும் வாங்கிட்டு வரேன்.”

நேர்காணலுக்கென்று வாங்கி, இரண்டே முறை வெளியே போன கறுப்புக் கோட்டை மாட்டிக்கொண்டு கிளம்பினாள்.

வால்வு கம்பெனியில் ஆள் எடுக்கும் பொறுப்பிலிருந்த ஹோரிகாவாவுக்கு முப்பது வயதிருக்கும். ஒகுடாவின் விண்ணப்பத்தை வாங்கிக்கொண்டு, இடுப்பு வளைய மூன்று முறை வணங்கி மன்னிப்புக் கேட்டுவிட்டு, உள்ளே போய் வெகு நேரம் தேடினார். திரும்பி வந்தபோது முகம் காது வரை சிவந்திருந்தது. கையில் அவள் உறை. ஒட்டிய இடத்தின் மேல் அவள் மையால் போட்ட மூடல் குறி அப்படியே இருந்தது. யாரும் பிரிக்கவே இல்லை.

“ரொம்ப நிறைய வந்துடுச்சு... எல்லாத்தையும் பிரிக்க முடியலைங்க. நாளைக்கு நேர்காணல் வேற வச்சாச்சு...”

அவளுக்கு எரிச்சல் பற்றிக்கொண்டு வந்தது. பதினான்கு மாதத்தில் முதல் தடவையாக, அந்த எரிச்சல் தன்மேல் இல்லை. தன்னிடம் என்ன குறை என்று எத்தனை நாள் தாளைத் திருப்பித் திருப்பிப் பார்த்திருப்பாள். படித்தால் அல்லவா குறை தெரியும்.

“கத்தரி இருக்கா?”

கொண்டுவந்து கொடுத்தார். உறையின் ஓரத்தை நேராக வெட்டி, தாளை விரித்து, அவர் பக்கம் திருப்பி வைத்தாள். பிறகு எதிர் நாற்காலியில் கைப்பையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தாள்.

“படிங்க. ரெண்டு பக்கம்தான். முடிச்சுட்டு, வேணும்னா பிரார்த்தனை பண்ணுங்க. நான் இருக்கேன்.”

ஹோரிகாவா வாசலைப் பார்த்தார், கடிகாரத்தைப் பார்த்தார். வேறு வழியில்லாமல் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு, முதல் வரியிலிருந்து படிக்கத் தொடங்கினார்.