கடலுக்குக் கீழே ஒரு மாப்பிள்ளை

எங்கள் ஆட்கள் கலியாணம் பேசும்போது மாப்பிள்ளையை விசாரிக்க முன் அவருடைய ஊரை விசாரிப்பார்கள். கிணற்றுத் தண்ணீர் நல்லதா உவரா, கோயில் எந்தப் பக்கம், ஆட்கள் எப்படி. சந்திக் கடையில் ஒரு சோடா குடித்தபடி நின்றால் எல்லாம் தானாக வந்துவிடுமாம். என் சின்னம்மாவுக்கு, அதாவது அம்மாவின் தங்கைக்கு, வந்த மாப்பிள்ளைக்கு இரண்டு ஊர். யாழ்ப்பாணத்து ஊர் ஒரு தொலைபேசி அழைப்பிலேயே தேறிவிட்டது. மற்றது ஒல்லாந்தில், அதாவது நெதர்லாந்தில். அகதியாக வந்தவருக்கு அரசாங்கம் வீடு கொடுத்த சின்னக் கிராமம். அதன் பெயர் தொண்டையில் மீன்முள் சிக்கியதுபோலத் தொடங்கும். இன்றைக்கும் எனக்குச் சரியாக வராது. அங்கே எந்தச் சந்திக் கடைக்காரரை அம்மாவுக்குத் தெரியும்?

ஆகவே விசாரணை என் தலையில் விழுந்தது. பாரிஸில், லா ஷப்பலில், மெத்ரோ ரயில் மேம்பாலத்தைப் பார்த்த எங்கள் சின்ன வீட்டில், பிரெஞ்சு வாசிக்கத் தெரிந்த ஒரே ஆள் நான்தான். பள்ளிக்கூட நூலகத்தில் கலைக்களஞ்சியத்தைப் புரட்டிவிட்டு ஓடி வந்தேன்.

"அம்மா, அந்த ஊர் கடலுக்குக் கீழை இருக்கு!"

"என்னடி விசர்க்கதை?"

"கடல் மேலை, ஊர் கீழை. புத்தகத்தில போட்டிருக்கு."

அன்றிலிருந்து வீட்டில் ஒருவரும் ஓரிடத்தில் இருக்கவில்லை. அம்மா குசினிக்கும் வரவேற்பறைக்கும் நடந்தார். அப்பா ஜன்னலைத் திறந்து மூடினார். சின்னம்மா மடித்த துணியை மறுபடி மடித்தார். நானும் அவரும் ஒரே கட்டில். அவர் போனால் கட்டில் முழுக்க உனக்குத்தானே என்று அப்பா எனக்கு ஆறுதல் சொன்னார். எனக்குக் கட்டில் வேண்டியிருக்கவில்லை.

ஞாயிற்றுக்கிழமை மாப்பிள்ளை வந்தார். கதிரை நுனியில் இருந்துகொண்டு காலை ஆட்டினார். மெத்ரோ போகும்போதெல்லாம் ஜன்னல் ஆடியது. ஜன்னல் நின்ற பிறகும் அவர் கால் நிற்கவில்லை. முறைப்படி சின்னம்மா தேத்தண்ணி வைத்துவிட்டுக் குசினி வாசலுக்குப் பின்னால் போய் நின்றார். அம்மா பொறுக்கவில்லை.

"தம்பி, குறை நினையாதையும். உம்மட ஊர் ஒரு நாளைக்குத் தண்ணிக்குள்ள தாண்டு போகாதோ?"

"இல்லை அக்கா, அணை கட்டியிருக்கு." அவர் பலகாரத் தட்டத்தை இழுத்து, ரோல்ஸ்களை நடுவில் வரிசையாக அடுக்கினார். "இந்தப் பக்கம் கடல். அந்தப் பக்கம் ஊர்." உருண்டையாகப் பொரித்த ஒரு வாய்ப்பனை எடுத்து ஊர்ப் பக்கம் வைத்தார். "இது மேடு. முந்தி அணை இல்லாத காலத்தில சனம் கையால மண் குவிச்சுக் கட்டினது. வெள்ளம் வந்தா மாடும் மனிசரும் இதிலதான் ஏறி நிப்பினம். இப்ப அதில கிறிஸ்தவ ஆக்களின்ர வேதக்கோயில் நிக்குது."

"உள்ளுக்கு ஊறுற தண்ணி?"

"பம்ப் இறைக்கும் அக்கா. இராப்பகலா ஓடும்."

"பம்ப் நிண்டா?"

"மற்ற பம்ப் ஓடும்."

"அதுவும் நிண்டா?"

"அப்ப வாய்ப்பனில ஏற வேண்டியதுதான்," என்றார் அப்பா.

ஒருவரும் சிரிக்கவில்லை. எனக்குப் பதற்றம் வந்தால் பசிக்கும். இப்போதும் அப்படித்தான், என் இடுப்பைப் பார்த்தால் தெரியும். நடுவில் இருந்த ஒரு ரோல்ஸை எடுத்துக் கடித்துவிட்டேன். மாப்பிள்ளை அந்த இடைவெளியைப் பார்த்தார்.

"பிள்ளை, ஊர் போச்சு."

இப்போது எல்லாரும் சிரித்தார்கள். அவருக்கும் கொஞ்சம் பேச்சு வந்தது.

"இதுக்கு முந்தி அங்கை ஒரு சட்டம் இருந்தது. அணையில ஒவ்வொரு வீட்டுக்கும் ஒரு துண்டு. அவையவைதான் காக்க வேணும். ஒருத்தனுக்கு ஏலாமப் போனா, மண்வெட்டியை அணையில குத்திப்போட்டு, வீட்டையும் காணியையும் விட்டிட்டுப் போயிட வேணும். மண்வெட்டியை ஆர் பிடுங்கி எடுக்கினமோ, காணி அவைக்கு. அணையும் அவை பொறுப்பு."

நான் சுவையான கதை என்று நினைத்தேன். ஆனால் அம்மா குசினி வாசலைத் திரும்பிப் பார்த்தார். அப்பா எழுந்து ஜன்னலுக்குப் போனார். சின்னம்மாவுக்குச் சீதனமாக எழுதிய வீடு ஊரில் இருந்தது. சண்டைக்குள் பூட்டிவிட்டு வந்தது. இப்போது வேறு யாரோ இருக்கிறார்கள் என்று கேள்வி. அதற்கும் மண்வெட்டிக்கும் நான் முடிச்சுப் போடவில்லை.

குசினி வாசலிலிருந்து சின்னம்மா வெளியே வந்தார். பொம்பிளை பார்க்க வந்த இடத்தில் பொம்பிளை பேசுவதில்லை. அவர் பேசினார்.

"விட்டிட்டுப் போனவன் பிறகு திரும்பி வந்தா?"

மாப்பிள்ளையின் கால் நின்றது.

"நானும் அதைத்தான் கேட்டனான். பக்கத்து வீட்டுக் கிழவனிட்டைக் கேட்டன், வேதக்கோயில் ஐயாவிட்டைக் கேட்டன். ஒருத்தருக்கும் தெரியேல்லை."

"நீங்கள் என்ன நினைக்கிறியள்?"

அவர் முதல்முறையாகச் சின்னம்மாவின் முகத்தைப் பார்த்தார். "தெரியாது," என்றார்.

சின்னம்மா அவருடைய கோப்பையை எடுத்துக்கொண்டு குசினிக்குப் போனார். அம்மா பின்னால் ஓடினார்.

"அக்கா, எனக்கு ஓம்."

"எடியே, கடல்?"

"அது அங்கை இருக்கட்டும்."

எனக்குப் பொறுக்க முடியாத கோபம். மேடு, அணை, பம்ப் என்று கேட்டதற்கெல்லாம் அந்த மனிதர் பதில் சொன்னார். அதற்கு ஒருவரும் அசையவில்லை. கடைசிக் கேள்விக்குத் தெரியாது என்றார். எங்கள் வகுப்பில் அதற்குச் சுழியம். இங்கே அதற்குச் சின்னம்மாவையே கொடுத்துவிட்டார்கள்.