குங்குமம் பூசிய வால்வு

எங்கள் செம்பனைத் தோட்டத்துக் கோயில் ஆம்ப்ளிஃபயர், பல்பு மாதிரி எரியும் கண்ணாடி வால்வு போட்ட பழைய பெட்டி. இந்தக் காலத்தில் இதை ஏன் வைத்திருக்கிறீர்கள் என்று கேட்பவர்களுக்கு ஒரே பதில்தான். மலேசியாவில், எங்கள் அலோர் காஜா பக்கம் மத்தியானத்துக்கு மேல் விழும் இடியில் இரண்டு புது ஆம்ப்ளிஃபயர்கள் செத்துப்போயின. வால்வுப் பெட்டி சாகவில்லை. அதனால் கோயில் கமிட்டிக்கு அதன்மேல் பக்தி வந்துவிட்டது. பக்தி வந்தபின் மீட்டரை எவன் பார்க்கிறான்?

பெட்டியைக் கவனிப்பவர் என் அண்ணன். செம்பனை எண்ணெய் ஆலையில் முப்பது வருடம் நின்றவர். அந்த இரைச்சலில் வலது காது போய்விட்டது. இடது காதில் பாதிதான் மிச்சம். நான் மலாக்கா டவுனுக்குப் பக்கத்தில் செங் என்ற ஊரில் ஒரு தொழிற்சாலையில் மெயின்டனன்ஸ் வேலை செய்கிறேன். வால்வு வாங்கிக் கொடுப்பது என் பொறுப்பு, மாட்டுவது அவர் பொறுப்பு. பல வருடமாக அப்படித்தான்.

பெட்டி இருக்கும் அறையைச் சொல்ல வேண்டும். கோயில் சுவரை ஒட்டிப் பிளைவுட்டில் அடித்த கொட்டகை. ஒரு கதவு. ஜன்னல் இல்லை. பலகைத் தட்டுகளில் கற்பூர டப்பாக்கள், நல்லெண்ணெய்த் தகரங்கள், போன வருடத்துக் கொடிகள், சேலைகள். தட்டுக்கும் பெட்டிக்கும் நடுவில் அண்ணன் சப்பணம் போட்டு உட்கார்ந்திருப்பார். ஆடித் திருவிழாவுக்குக் கையில் காப்புக் கட்டியவர் கோயில் எல்லையைத் தாண்டக் கூடாது. மூன்று நாள் அவர் சாப்பிடுவதும் படுப்பதும் அந்த அறையில்தான். நான் எந்த வால்வைத் தேர்ந்தெடுத்தாலும் அது என் அண்ணனின் முழங்காலுக்கு ஒரு சாண் தூரத்தில் எரியும்.

இந்த வருடம் ஆடிக்கு ஒரு வாரம் இருக்கும்போது போன் வந்தது.

“தம்பி, ஒரு பல்பு ரோசாக் லா, கெட்டுப் போச்சு. மேல பால் மாதிரி வெளுத்துப் போச்சு.”

“காத்து பூந்துருச்சுண்ணே. ரெண்டையும் மாத்தணும்.”

“ஒன்னுதானடா செத்துச்சு? உசுரோட இருக்கறத எதுக்குப் புடுங்கற?”

“ஒன்னு கெழவன், ஒன்னு எளசுன்னா ஒத்துப்போகாது.”

“எங்க வீட்ல அப்படித்தான் ஓடுது,” என்றார். அண்ணி அவரைவிடப் பன்னிரண்டு வயது இளையவர். பின்னால் அண்ணி ஏதோ திட்டுவது கேட்டது.

சிரித்தேன். ஆனால் விஷயம் சிரிப்பதற்கில்லை. அந்தப் பெட்டியின் கடைசியில் நிற்கும் இரண்டு பெரிய வால்வுகளும் பாரத்தை ஆளுக்குப் பாதியாகத் தூக்குகின்றன. ஒன்று தளர்ந்தால் மற்றது எல்லாவற்றையும் தன்மேல் இழுத்துக்கொள்ளும். உள்ளே இழை ஆரஞ்சு நிறத்தில் எரிவது சரி. இழையைச் சுற்றியிருக்கும் சாம்பல் தகடு சிவந்தால் சரியில்லை. பார்த்த நொடியில் அணைக்க வேண்டும். ஃபியூஸ் காப்பாற்றும் என்று நம்பக் கூடாது. இதற்கெல்லாம் அது போகாது. தகடு சிவந்தபடியே கிடக்கும், டிரான்ஸ்ஃபார்மரின் மெழுகு உருகும், அதன்பின் பிளைவுட், சேலை, எண்ணெய்.

மலாக்கா டவுனில் ஒரு சீனக் கிழவரின் ரேடியோ கடை இருக்கிறது. பிஸ்கட் டின்னில் பஞ்சு போட்டு வால்வுகளை வைத்திருப்பார். எனக்காக மூன்று ஜோடி எடுத்து வைத்தார். முதல் ஜோடியில் தங்க எழுத்தில் பெரிய பெயர். கட்டைவிரலால் தேய்த்தேன், எழுத்து விரலோடு வந்துவிட்டது. பெயரைப் பார்த்து வால்வு வாங்குகிறவன் முட்டாள், அதை அச்சடித்து விற்கிறவன் திருடன். இரண்டாவது ஜோடியில் ஒன்றின் உச்சியில் இருக்க வேண்டிய வெள்ளிப் பூச்சு ஓரத்தில் கரைந்திருந்தது. அதன் ஆயுள் முடிகிறது. மூன்றாவதில் பெயரே இல்லை. உச்சியில் வெள்ளிப் பூச்சு முகம் பார்க்கும் கண்ணாடிபோல் முழுசாக மினுங்கியது. அடியில் எட்டுக் கால்களும் சுத்தம். கால்களுக்கு நடுவே கரிக்கோடு ஏதும் இல்லை. கிழவரின் மீட்டரில் இரண்டும் ஏறக்குறைய ஒரே எண்ணைக் காட்டின. பென்சிலால் தட்டிப் பார்த்தேன். உள்ளே எதுவும் தளர்ந்து கணகணக்கவில்லை.

வீட்டில் அதே வகை வால்வு போடும் பாட்டுப் பெட்டி ஒன்று வைத்திருக்கிறேன். ஞாயிற்றுக்கிழமை பகல் முழுக்க அதில் ஓடவிட்டு எதிரே உட்கார்ந்திருந்தேன். தகடு சாம்பல் நிறத்திலேயே இருந்தது. துடைத்து, பஞ்சில் சுற்றி, தோட்டத்துக்குக் கொண்டுபோய் அண்ணனிடம் கொடுத்தேன்.

“காலுல கை வெக்காதீங்க. சுத்தமா இருக்கணும்,” என்றேன்.

“தெரியும் லா. நேத்துப் பொறந்தவனா நானு?”

ஏன் கை வைக்கக் கூடாது என்று நான் சொல்லவில்லை. எனக்கு ஷிஃப்டுக்கு நேரமாகிவிட்டது. எனக்கு எதையும் விளக்கிச் சொல்லிப் பழக்கமும் இல்லை. அரை வாக்கியம் பேசிவிட்டு மோட்டார் சைக்கிளை எடுக்கிறவன் நான்.

திருவிழாவின் முதல் நாள் மாலை நான்கு மணிக்குப் போனேன். வானம் கறுத்துக் கிடந்தது, மழை இன்னும் விழவில்லை. தோட்டத்து முச்சந்தியில் திரும்பியபோதே ஹார்ன் ஸ்பீக்கரின் சத்தம் கேட்டது. பாட்டுக்கு அடியில் ஒரு ‘உம்ம்’. அடிவயிற்றில் உட்காரும் சத்தம். சாமி கும்பிட வந்த நூறு பேரில் ஒருவரும் அதைக் கவனித்ததாகத் தெரியவில்லை. அண்ணனுக்கு அது கேட்கவே கேட்காது.

கொட்டகைக் கதவைத் திறந்தேன். உள்ளே அடுப்படிபோல் வெக்கை. கற்பூர வாசனை மூக்கை அடைத்தது. அதற்குப் பின்னால் வேறொரு வாடை, மெழுகுவர்த்தியைத் திரியோடு கருக்கினாற்போல. அண்ணன் ஈரத் துண்டைத் தோளில் போட்டுக்கொண்டு பெட்டியைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தார். பெட்டிக்கு மாலை போட்டிருந்தார்கள். இரண்டு வால்வுகளின் கண்ணாடியிலும் மேலிருந்து கீழ்வரை சந்தனம், அதன்மேல் குங்குமம்.

“புது மோட்டார் சைக்கிளுக்குப் பொட்டு வெக்கறோம்ல, அது மாதிரிதான்,” என்றார் என் முகத்தைப் பார்த்து. “அம்மா காலடியில வெச்சு எடுத்தேன். பாத்தியா, அம்மா கண்ணு செவக்குது. மூணு மணிலேருந்து வர்றவங்க எல்லாம் கையெடுத்துக் கும்பிட்டுப் போறாங்க.”

குனிந்து பார்த்தேன். குங்குமத்துக்குப் பின்னாலும் சிவப்பு. எது பூச்சு, எது தகடு என்று முதலில் எனக்கே தெரியவில்லை. பெட்டியின் பின்பக்கம் போய்ப் பூச்சு படாத ஒரு கீற்றின் வழியாகப் பார்த்தேன். இடது பக்க வால்வின் தகடு கொல்லன் உலையில் கிடக்கும் இரும்பு மாதிரி இருந்தது.

பிளக்கைப் பிடுங்கினேன்.

வெளியே பாட்டு வரியின் நடுவில் அறுந்தது. தீபாராதனை நடந்துகொண்டிருந்த நேரம். ஒரு நொடி மணிச் சத்தம் மட்டும் கேட்டது. பிறகு கமிட்டித் தலைவரின் குரல். “எவன்லா அது ஆஃப் பண்ணது?”

அண்ணன் எழுந்துவிட்டார். “ப்ளக்கப் போடுடா.”

“எரிஞ்சு சாவப் போறீங்க. வெளிய வாங்க.”

“சாமி ஓடிக்கிட்டிருக்கையில நிறுத்தறியே, நீ மனுசனா? போடுடா.”

“காலுல கை வெக்காதீங்கன்னு சொன்னேனா இல்லியா?”

“வெச்சேனா? கையே வெக்கல. வெத்தல நுனியால தொட்டுத் தொட்டுத்தான் வெச்சேன். அடி, நடு, முடின்னு மூணு எடத்துல.”

எனக்கு அப்போதுதான் புரிந்தது. சுத்தமாக இருக்க வேண்டும் என்று நான் சொன்னதைத் தீட்டுப் படக் கூடாது என்று எடுத்துக்கொண்டிருக்கிறார். குளித்து, ஈரத்துணி உடுத்தி, கை படாமல், வெற்றிலை நுனியால் வால்வின் கால்களுக்கு நடுவே சந்தனம் வைத்திருக்கிறார். நான் சொன்னதை என்னைவிடக் கவனமாகச் செய்திருக்கிறார். அந்த ஈரம் ஒரு காலிலிருந்து பக்கத்துக் காலுக்கு நானூறு வோல்ட்டைக் கடத்திக்கொண்டிருந்தது. தகடு சிவந்தது அதனால்தான்.

சூடு இறங்கும்வரை பிளக்கை யாரும் தொடாதபடி கதவை மறித்து நின்றேன். தலைவர் என்னை என்ன சொன்னார் என்பதை எழுதப் போவதில்லை. பிறகு துண்டால் பிடித்து வால்வை உருவி, அடியைக் காட்டினேன். இரண்டு கால்களுக்கு நடுவே முடிபோல் மெல்லிய கறுப்புக் கோடு. அது அமர்ந்திருந்த குழியிலும் அதே கோடு. சந்தனம் அங்கே கரியாகிவிட்டது. கரி மின்சாரத்துக்கு ரோடு மாதிரி. காய்ந்தாலும் போகாது, துடைத்தாலும் போகாது. குழியையே மாற்றியாக வேண்டும்.

“பெட்டியைக் குடுங்க. செங்குக்கு எடுத்துட்டுப் போய் மாத்திட்டு வர்றேன்.”

“பெட்டி கோயில விட்டுப் போவாது,” என்றார் அண்ணன். “நீ போ.”

வால்வுகளை மட்டும் எடுத்துக்கொண்டு போனேன். மிச்சத் திருவிழாவை யாரோ கொண்டுவந்த பேட்டரி ஸ்பீக்கரில் ஓட்டினார்கள். அதன் சத்தம் கொடிமரத்தைத் தாண்டவில்லையாம். அதற்கும் நான்தான் காரணம். காப்பு அவிழ்த்த பிறகும் அண்ணன் என்னோடு பேசவில்லை. நானும் போன் பண்ணவில்லை. பண்ணியிருக்க வேண்டும். குழியைப் பற்றி மூன்று வாக்கியம் பொறுமையாகச் சொல்லியிருக்க வேண்டும்.

நேற்று அண்ணி போன் பண்ணினார்.

“எங்க மககிட்ட சொல்லி, அவ போன்லயே புது பல்பு வரவெச்சிருக்காரு. பொட்டு வெச்சு சாமி ரூம்ல வெச்சிருக்கு. வெள்ளிக்கிழம நவராத்திரி ஆரம்பம். காலையில மாட்டறாராம்.”

“குழி மாத்தாம மாட்டக் கூடாது அண்ணி. எந்த பல்பு போட்டாலும் அங்கதான் தீ புடிக்கும்.”

“நான் சொன்னா கேப்பாரா? உன் பேர எடுத்தாலே எந்திரிச்சுப் போயிடறாரு.”

“நான் சொன்னாலும் கேக்க மாட்டாரு.”

“கேக்க மாட்டாருதான்,” என்றார் அண்ணி. “கதவ உள்பக்கமா தாப்பா போட்டுக்கறாரு தம்பி. நீ வந்து நிறுத்திடுவேன்னு.”

வெள்ளிக்கிழமைக்கு லீவு எழுதிக் கொடுத்துவிட்டேன். புதுக் குழி இரண்டு, சால்டரிங் அயர்ன், ஸ்பிரிட் பாட்டில் எல்லாம் மோட்டார் சைக்கிள் பெட்டியில் இருக்கின்றன. விடியும் முன்பே கிளம்பி, அவர் சுவிட்சைப் போடுவதற்குள் போய்ச் சேர வேண்டும். முதலில் கதவுக்கு வெளியே நின்று முழுசாகச் சொல்லிப் பார்ப்பேன், இடது காதுக்குக் கேட்கிற மாதிரி. கேட்காவிட்டால் கோயிலின் மெயின் சுவிட்சை இறக்குவேன். ஊரே அடித்தாலும் சரி, பிறகு கதவை உடைப்பேன். பிளைவுட்தான்.