சுந்தரபாண்டியம் கண்மாயும் என் காம்பஸும்

மூன்று வருடங்களுக்கு முன்பு, ராஜபாளையத்திலிருந்து தினமும் பஸ் ஏறி, ஸ்ரீவில்லிபுத்தூர் பக்கம் ஒரு கல்லூரியில் நான் புவியியல் இறுதியாண்டு படித்துக்கொண்டிருந்தேன். அந்தப் பாடத்தை எடுத்த நாளிலிருந்தே சொந்தக்காரர்கள் என்னை விடவில்லை. "நாட்டுப் பேரும் தலைநகரமும் மனப்பாடம் பண்ண எதுக்குட்டி மூணு வருசம்?" என்று கல்யாண வீட்டில்கூடக் கேட்பார்கள். நில அளவையர் தேர்வு எழுதி, வெயிலில் நின்று நிலம் அளக்கும் வேலைக்குப் போக வேண்டும் என்ற ஆசையை அத்தாவிடம் மட்டும் சொல்லியிருந்தேன்; அப்பாவை எங்கள் வீட்டில் அப்படித்தான் கூப்பிடுவோம். கடையில் துணி அளந்துகொண்டே கேட்டவர், "மொதல்ல காலேஜ்ல அளந்து காட்டு, பொறவு பாப்போம்" என்றார். அவர் அதை மறந்திருக்கலாம். நான் மறக்கவில்லை.

சுந்தரபாண்டியம் பக்கம் ஒரு கண்மாயைச் சுற்றி அளந்து வரைபடம் தயாரிப்பதுதான் எங்கள் குழுவின் புராஜெக்ட். கரையில் அங்கங்கே குச்சி அடித்து, ஒவ்வொரு குச்சியிலும் ஸ்டாண்டில் காம்பஸை வைத்து, குனிந்து பார்த்து, அடுத்த குச்சி எந்தத் திசையில் இருக்கிறது என்று டிகிரியில் குறித்து, இடையில் உள்ள தூரத்தையும் நாடாவால் அளக்க வேண்டும். இப்படியே கண்மாயைச் சுற்றி வந்தால், தாளில் வரையும் கோடும் தொடங்கிய புள்ளிக்கே வந்து சேர வேண்டும். முதல் வருடம் மைதானத்தில் பழகியபோது என் அளவு அச்சாக வந்ததால், ரீடிங் எடுக்கும் பொறுப்பை நானே கேட்டு வாங்கினேன்.

கோடு சேரவே இல்லை. வரைந்து பார்த்தால் கண்மாய் வாயைப் பிளந்துகொண்டு கிடந்தது. மறுபடி போய் எடுத்தோம். இந்த முறை வேறு பக்கம் பிளந்தது. செட்டியார்பட்டியிலிருந்து வரும் என் தோழி நாலைந்து இடத்தில் எடுத்துப் பார்த்தாள். அடுத்த குச்சியிலிருந்து திரும்பிப் பார்த்தும் அவளுடையது சரியாக வந்தது.

"கொஞ்சம் கூட்டிக் கொறச்சுப் போட்டா சேந்துட்டுப் போகுது. எல்லாரும் அப்பிடித்தாம்ட்டி செய்றாக" என்றாள் அவள். எனக்கு மனசு ஒப்பவில்லை. கடைசியில் எங்கள் மேடம், "நீ படம் வரையறதப் பாத்துக்க, ரீடிங் அவ எடுக்கட்டும். எல்லாருக்கும் எல்லாம் வராதும்மா" என்றார். அன்பாகத்தான் சொன்னார். அதுதான் சுருக்கென்று தைத்தது.

"இன்னும் ஒரே ஒரு தடவ மேடம். சனிக்கிழமை நான் போறேன். அதுவும் சேரலன்னா காம்பஸத் தொடவே மாட்டேன்" என்றேன். வீராப்பாகச் சொல்லிவிட்டேனே தவிர, திரும்பி வரும் பஸ்ஸில் அழுகை முட்டிக்கொண்டு வந்தது. காம்பஸைத் தொடாதவள் எங்கே போய் நிலம் அளப்பது?

சனிக்கிழமை தோழியும் வந்தாள். நான் கூப்பிடவில்லை, "ஒத்தையில எப்படிட்டி அளப்ப?" என்று அவளாகவே வந்து நின்றாள். காம்பஸுக்குப் பக்கத்தில் இரும்பு இருந்தால் அது தப்புக் காட்டும் என்பது பாடத்தில் படித்ததுதான். போன், வாட்ச், சாவிக்கொத்து, டிபன் பாக்ஸ் எல்லாவற்றையும் ஒரு வேப்பமரத்தடியில் குவித்தோம். பம்ப்செட், கரண்டுக் கம்பி எதுவும் பக்கத்தில் இல்லாத இடமாகப் பார்த்து நின்றோம். அப்படியும் என் எண்ணும் அவள் எண்ணும் ஒத்துப்போகவில்லை. "போவோம்ட்டி, தலை சுத்துது" என்றாள். வெயில் ஏற ஏற எனக்குப் பிடிவாதமும் ஏறியது. நகரமாட்டேன் என்றேன்.

குனியாமல், நின்றபடியே காம்பஸின் வட்டத்தட்டைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அசையாமல் கிடந்தது. மெல்லக் குனிந்தேன். தட்டு திரும்பியது! நிமிர்ந்தால் பழைய இடத்துக்கே போனது. திரும்பக் குனிந்தேன், அதுவும் திரும்பியது. அப்படியென்றால் கோளாறு என்னிடம்தான். காதைத் தடவிப் பார்த்தேன், கம்மல் தங்கம். கை தாடைக்குக் கீழே போனதும் விளங்கிவிட்டது.

முக்காட்டில் மாட்டியிருந்த பின்னுதான்! குத்தினால் துணியில் ஓட்டை விழுகிறதென்று அக்கா பெருநாளைக்கு வாங்கித் தந்த புது மாதிரி. ஊசி கிடையாது, துணிக்கு இந்தப் பக்கம் ஒரு காந்தம், அந்தப் பக்கம் ஒரு காந்தம். இருக்கிற இரும்பையெல்லாம் மரத்தடியில் குவித்துவிட்டு, காந்தத்தைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு காம்பஸில் குனிந்திருக்கிறேன்!

தோழி கரையிலேயே உட்கார்ந்து சிரித்தாள். நானும் சிரித்தேன். செத்த நேரம் கழித்து அவளே, "மேடம்ட்ட காம்பஸ் கோளாறுன்னு சொல்லிருவோமா? முக்காடு போட்டா இந்த வேலைக்கு ஆகாதுன்னு யாராவது சொல்லிட்டா?" என்றாள். அதே பயம் எனக்கும் வந்திருந்தது.

"உள்ளதத்தான் சொல்லப்போறேன். கோளாறு பின்னுலதான, துணில இல்லயே" என்றேன். பின்னைக் கழற்றி டிபன் பாக்ஸோடு போட்டேன். முக்காட்டை இழுத்துச் செருகிக்கொண்டு, முதல் குச்சியிலிருந்து திரும்ப ஆரம்பித்தேன். முடிக்கும்போது வெயில் மலைக்குப் பின்னால் இறங்கியிருந்தது. வீட்டுக்கு வந்து வரைந்தபோது கோடு சுற்றி வந்து, தொடங்கிய புள்ளிக்குப் பக்கத்தில் மயிரிழை விட்டு நின்றது. அந்த இழை யாருக்கும் வருவதுதான். சந்தோஷத்தில் இன்னொரு தடவை ஸ்கேல் வைத்துப் பார்த்தேன்.

திங்கட்கிழமை வகுப்பில் எல்லோர் முன்னாலும் சொன்னேன். பின் வரிசையில் யாரோ சிரித்தார்கள். மேடம் சிரிக்கவில்லை. பின்னை வாங்கிக் காம்பஸ் பக்கம் கொண்டுபோய்த் தட்டு திரும்புவதை எல்லோருக்கும் காட்டினார். "இனிமே போன், வாட்ச்சோட இதையும் கேக்கணும்" என்றவர், என்னிடம் திரும்பி, "அடுத்த ரீடிங்கும் நீதான்" என்றார். அன்று சாயங்காலம் கடையில் அத்தா படத்தை விரித்துப் பார்த்துவிட்டு, "சரி, பரீட்சைய எழுது" என்றார்.

எழுதினேன், முதல் தடவை கிடைக்கவில்லை, இப்போது அடுத்ததற்குப் படிக்கிறேன். "உனக்கு வராது" என்று யாராவது சொன்னால் இன்றைக்கும் என் கை தானாகத் தாடைக்குக் கீழே போகிறது. வராததற்குக் காரணம் நான்தானா, வேறு ஏதாவதா என்று தேடிப் பார்க்காமல் நான் கரையை விட்டு இறங்குவதில்லை.