கூப்பிட்டால் திரும்பாதவள்

தாகமெடுத்து என்னைக் கூப்பிட்ட நான்கு வயதுக் குழந்தைக்கு, காதில் விழுந்தும் விழாதவள் போல முதுகைக் காட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தவள் நான். ஒரு தடவை அல்ல. அவள் வேறொரு சொல்லால் என்னைக் கூப்பிடப் பழகும் வரைக்கும்.

உங்களுக்கு என்னைத் தெரியாது. தெரிந்தவர்களைக் கேட்டால் நல்லவிதமாகத்தான் சொல்வார்கள். புதுப்பட்டினம் கடைத்தெருவில் டிபன் கடை நடத்துகிறேன். அணுபுரத்திலிருந்து வண்டி எடுத்துக்கொண்டு வந்து என் வடைகறிக்காகக் காத்து நிற்பவர்கள் உண்டு. வாய் கொஞ்சம் நீளம் என்பார்கள். அதை நான் மறுப்பதில்லை.

தம்பி மகளைத் தன் பிள்ளையாக வளர்க்கிறவள் என்ற பெயர், வடைகறியை விடப் பெரியது.

மாதம் ஒருமுறை செங்கல்பட்டில் ஒரு கூட்டம் நடக்கும். அண்ணன் பிள்ளை, அக்கா பிள்ளை என்று பெற்றவர்களின் துணையில்லாத குழந்தைகளை வளர்க்கும் சொந்தக்காரர்கள் அங்கே வருவார்கள். புதிதாக வருகிறவர்களுக்குத் தைரியம் சொல்வது என் வேலை. நன்றாகவே சொல்வேன். பெற்றவளைப் பற்றிக் குழந்தையின் காதுபடத் தப்பாகப் பேசாதீர்கள். படுக்கையை நனைத்தால் அடிக்காதீர்கள். அது கட்டிக்கொண்டு தூங்கும் பழைய துணியைத் துவைக்கிறேன் என்று பிடுங்காதீர்கள். எல்லாம் சரியான பேச்சு. அதில் எனக்கு இன்றைக்கும் சந்தேகமில்லை.

போன கூட்டத்துக்குத் திருக்கழுக்குன்றம் பக்கத்திலிருந்து லோடு வண்டி ஓட்டுகிற ஒருவர் வந்திருந்தார். செத்துப்போன அண்ணனின் மகளை வளர்க்கிறார்.

"யக்கா, பொண்ணு என்ன சித்தப்பான்னுதான் கூப்புடுது. அப்பான்னு கூப்புடப் பழக்கலாமா? ஸ்கூல்ல பசங்க இன்னா இன்னாமோ கேக்குதுங்களாம்."

"அது இன்னான்னு கூப்ட்டாலும் நீ திரும்பிப் பாரு. அது போதும்" என்றேன்.

கைதட்டினார்கள். நானும் சிரித்துக்கொண்டே உட்கார்ந்தேன். திரும்பிவரும் பேருந்தில்தான் உறைத்தது… எப்படி அந்த வார்த்தை என் வாயிலிருந்து வந்தது? எந்தத் துணிச்சலில்?

சொல்லிவிடுகிறேன்.

என் தம்பி வீட்டை எதிர்த்துக்கொண்டு செல்வியைக் கட்டிக்கொண்டான். எனக்கு அவளைப் பிடிக்கவில்லை. அவன் கிழக்குக் கடற்கரைச் சாலையில் விபத்தில் போனபோது அவர்களுடைய மகள் பவித்ராவுக்கு நான்கு வயது. செல்விக்கு மனம் பேதலித்துவிட்டது. பேச்சில்லை, குளியலில்லை. அடுப்பைப் பற்றவைத்துவிட்டுக் கடற்கரையில் போய் உட்கார்ந்துவிடுவாள். அவளை வைத்தியத்துக்குச் சேர்த்தோம். பவியை என் பொறுப்பில் விட்டார்கள்.

அப்போது எங்களுக்கு வழிகாட்ட வந்த குழந்தைகள் நல அலுவலகப் பெண் ஒன்றே ஒன்றைத்தான் அழுத்திச் சொன்னாள். "அவளுக்கு அம்மா இருக்காங்க. உங்களை அத்தைன்னே கூப்பிடட்டும். வேற எதையும் பழக்காதீங்க."

பிள்ளை பெறாதவள் எனக்குப் புத்தி சொல்கிறாள் என்று நினைத்துக்கொண்டு, தலையை நன்றாக ஆட்டினேன்.

என் மகன் கார்த்தி என்னை அம்மா என்பான். ஒரே வீட்டில் ஒன்று அம்மா என்றும் ஒன்று அத்தை என்றும் கூப்பிட்டால் குழந்தை ஏங்காதா? இதுதான் எனக்கு நானே சொல்லிக்கொண்ட சமாதானம். அடிக்கவில்லை, மிரட்டவில்லை, இப்படிக் கூப்பிடு என்று ஒருநாளும் சொல்லவில்லை. 'அத்தே' என்றால் திரும்பமாட்டேன்… அவ்வளவுதான். மீன் ஆய்ந்துகொண்டிருப்பேன், மாவு கரைத்துக்கொண்டிருப்பேன். அந்தச் சின்னக் குரல் பின்னால் நின்று கூப்பிட்டுக் கூப்பிட்டு ஓயும்.

ஒருநாள் காலையில் கூப்பிட்டுக்கொண்டே இருந்தாள். நான் சட்டினிக்குத் தேங்காய் துருவிக்கொண்டிருந்தேன். குரல் நின்றது. கொஞ்சம் பொறுத்துத் திரும்பினால், கால்சட்டை நனைந்து, காலடியில் ஈரத்தோடு நிற்கிறாள். கழிவறைக் கதவுக் கொண்டி அவளுக்கு எட்டாது. அதைத் திறக்கத்தான் என்னைக் கூப்பிட்டிருக்கிறாள். என் முகத்தைப் பார்த்துவிட்டு, கார்த்தி கூப்பிடுவது போலவே, மெதுவாகச் சொன்னாள்.

"அம்மா."

நான் ஓடிப்போய்த் தூக்கிக்கொண்டேன். முத்தம் கொடுத்தேன். பண்டிகைக்கு வாங்கிய புதுக் கவுனை எடுத்துப் போட்டுவிட்டேன். அந்த நேரத்தில் எனக்கு எவ்வளவு சந்தோஷம் தெரியுமா… ஜெயித்துவிட்ட சந்தோஷம். யாரை ஜெயித்தேன்? ஆஸ்பத்திரியில் தன் பெயரே நினைவில்லாமல் கிடந்த செல்வியை. என் தம்பியை என்னிடமிருந்து கொண்டுபோனவளிடமிருந்து அந்த ஒரு சொல்லையாவது பிடுங்கிக்கொள்ள நினைத்தேன். பாசமும் இருந்தது, பொய் சொல்லமாட்டேன். ஆனால் முதலில் வந்தது பாசம் இல்லை.

வருடங்கள் ஓடின. செல்வி தேறிவிட்டாள். சிங்கப்பெருமாள்கோவிலில் தன் அக்கா வீட்டில் தங்கி, ஒரு தையல் கம்பெனிக்கு வேலைக்குப் போகிறாள். ஞாயிறுதோறும் பவியைப் பார்க்கக் கொய்யாப்பழப் பையோடு வருகிறாள். இதையும் நான்தான் ஏற்பாடு செய்தேன். எங்கள் கூட்டத்தில் என்னை உதாரணமாகக் காட்டுவதற்கு அதுவும் ஒரு காரணம்.

பவிக்கு இப்போது பதினொரு வயது. செல்வியோடு உட்காருவாள், பழம் தின்பாள், பள்ளிக்கதை பேசுவாள். ஆனால் கூப்பிடமாட்டாள். செல்வி தன் பக்கம் பார்க்கும் வரைக்கும் காத்திருந்து அப்புறம்தான் பேசுவாள். அம்மா என்ற சொல்லை ஒருமுறை இடம் மாற்றியாகிவிட்டது. மறுபடி மாற்ற அவளுக்குப் பயம். அது எனக்குப் புரிந்தது. செல்விக்குப் புரியவில்லை.

ஒருநாள் பாத்திரம் துலக்கிக்கொண்டே கேட்டாள். "யக்கா, நான் அப்போ பவிய அடிச்சிகினு இருந்தனா? இன்னா பண்ணேன்னு எனக்கே ஞாபகம் இல்ல. சூடு கீடு வெச்சிட்டனா? அதான் என்ன கூப்புட மாட்டேங்குதா?"

அவள் பவியை ஒருநாளும் அடித்ததில்லை. புத்தி பேதலித்த நாளில்கூட, குழந்தை தூங்கினால் தன் முந்தானையைப் போர்த்திவிட்டுத்தான் கடற்கரைக்குப் போவாள். இது எனக்குத் தெரியும். ஆனாலும் நான் என்ன சொன்னேன்? "பழசெல்லாம் எதுக்கு… போகப் போகச் சரியாயிடும்" என்றேன். வாய் நீளமானவளுக்கு அன்றைக்கு அவ்வளவுதான் வந்தது. செய்யாத கொடுமையைச் செய்ததாக நம்பிக்கொண்டு அவள் ஞாயிறுக்கு ஞாயிறு வந்துபோனாள்.

அந்தக் கைதட்டலுக்குப் பிறகு என்னால் முடியவில்லை. அடுத்த ஞாயிறு செல்வியை வாசலிலேயே நிறுத்திச் சொன்னேன். "நீ பவிய ஒருநாளும் அடிக்கல செல்வி. நான் கண்ணால பாத்தவ சொல்றேன்."

அவள் என் இரண்டு கைகளையும் பிடித்து முகத்தில் வைத்துக்கொண்டு அழுதாள். "இது போதும்க்கா. நீ நல்லா இருப்பக்கா" என்றாள்.

அப்போதே மீதியையும் சொல்லியிருக்க வேண்டாமா? என் கையெல்லாம் அவள் கண்ணீர். அந்த வாழ்த்தை வாங்கிக்கொண்டு வாயை மூடிக்கொண்டேன்.

அன்று அவள் போன பிறகு, பவியைக் கூப்பிட்டு உட்காரவைத்தேன். தெளிவாகத்தான் பேசினேன். எனக்குத் தெரியாத பேச்சா? "உன்னப் பெத்தவ செல்விதான். அவளத்தான் அம்மான்னு கூப்புடணும். என்ன இனிமே அத்தைன்னே கூப்புடு கண்ணு. எனக்கு ஒண்ணும் வருத்தம் இல்ல."

பவி என்னை ஏற இறங்கப் பார்த்தாள். கோபமில்லை. விவரம் கேட்கிறவள் போல மெதுவாகக் கேட்டாள்.

"கூப்ட்டா திரும்புவியா?"

அவளுக்கு மறந்திருக்கும் என்று நினைத்திருந்தேன்… நான்கு வயதில் நடந்தது யாருக்கு நினைவிருக்கும் என்று!

திரும்புவேன் என்றேன். சத்தியம் பண்ணினேன். சரி என்று தலையாட்டிவிட்டு எழுந்து போனாள்.

அன்றிலிருந்து அவள் என்னை அம்மா என்றும் கூப்பிடவில்லை, அத்தை என்றும் கூப்பிடவில்லை. செல்வியையும் கூப்பிடவில்லை. ஏதாவது வேண்டுமென்றால் நான் இருக்கும் இடத்துக்கு நடந்து வந்து, முகத்துக்கு எதிரே நின்று, நான் பார்த்த பிறகு கேட்கிறாள். மரியாதையாகத்தான் கேட்கிறாள்.

செல்வியிடம் சொல்லவேண்டிய மீதி இன்னும் என்னிடமே இருக்கிறது. அடுத்த மாதக் கூட்டத்திலும் பேசச் சொல்லியிருக்கிறார்கள். போவேன், பேசுவேன். அந்த லோடு வண்டிக்காரருக்கு நான் சொன்னது சரியான பதில்தான்.

கடையில் வேலை செய்யும்போது பின்னால் அம்மா என்று ஒரு குரல் கேட்டால், கையில் கரண்டியோடு சட்டென்று திரும்பிவிடுகிறேன். பார்சலுக்கு நிற்கிறவர்கள்தான்.