காற்றுக்குப் பேர் தெரியக்கூடாது

குன்னூர் மார்க்கெட்டில் இன்று யாரோ ஓர் எவர்சில்வர் தட்டை விரலால் தட்டிப் பார்த்தார்கள். அந்த ஓசைக்கு என் கால்கள் தாமாகவே வீட்டுப் பக்கம் திரும்பின. ஜெகதளாவுக்கு மேலே சின்ன வயதில் நாங்கள் இருந்த எஸ்டேட் தொழிலாளர் லயத்தில், பனிமூட்டத்தோடு காற்று ஏறிவிட்டால் யாரும் யாரையும் பேர் சொல்லிக் கூப்பிடமாட்டார்கள். காற்றில் அலையும் ஏதோ ஒன்றுக்கு நம் பேர் தெரிந்துவிட்டால், அம்மாவின் குரலிலேயே கூப்பிட்டுக் கொண்டுபோய்விடுமாம். அதனால் பிள்ளைகளைக் கூப்பிட வீட்டுக்கொரு தட்டு, தட்டுக்கொரு தாளம். எங்களுடையது இரண்டு தட்டல், சற்று நிறுத்தி இன்னொன்று. தகரக் கூரைகள் தடதடக்க, தேயிலைச் செடிகளுக்குள் விளையாடும் நாங்கள் காதைத் தீட்டிக்கொண்டே இருப்போம்.

ஒருநாள் தட்டு ஒலிக்கவில்லை. என் பேர்தான் வந்தது, அம்மாவின் குரலில், திரும்பத் திரும்ப. அது ஓயும்வரை நான் செடிக்கடியில் வாயைப் பொத்திக்கொண்டு கிடந்தேன்.

விறகுக் கட்டோடு வழுக்கி விழுந்து, இடுப்பு ஒடிந்து, ஓடைக்குள் கிடந்திருக்கிறாள் அம்மா. ஆட்கள் தூக்கி வந்தபோது என் கன்னத்தைத் தடவி, "பேசாமத்தான இருந்த? நல்ல புள்ள" என்றாள்.

அந்த லயம் இப்போது இல்லை. அங்கே ரிசார்ட் நிற்கிறது. காற்று எழும் மாலைகளில், யாரும் கூப்பிடாமலே, "இந்தா வந்துட்டேம்மா" என்று எழுந்து வாசலுக்குப் போய்விடுகிறேன்.